காகிதத்தில் பிறந்த ஸ்கிராம்ஜெட்

கோலா தெர்லாத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வர்க்க எண்களைக் கற்பிக்கும்போது நான் எடுத்துரைக்கும் வரலாறு ஒன்றுண்டு. அதனை இங்கே பதிவு செய்கிறேன்.

ராம்ஜெட் இயந்திரத்தில் சுழலும் விசிறி இல்லை. விரைந்து பறக்கையில் முன்புறம் புகும் காற்று தன் வேகத்தாலேயே அழுத்தமடைகிறது. அதனை ஒலியினும் குறைந்த வேகத்துக்குத் தணித்து, எரிபொருளைக் கலந்து எரிப்பர். ஆனால், தணியத் தணியக் காற்று சூடேறும்.

எவ்வளவு சூடேறும்? ஒலியைப் போல் எத்தனை மடங்கு வேகமோ அவ்வெண்ணை வர்க்கமாக்குக, 0.2ஆல் பெருக்கி 1ஐக் கூட்டுக. வந்த விடையை வெளிக்காற்றின் வெப்பநிலையால் பெருக்குக. உயர்வானில் அது ஏறத்தாழ 220 கெல்வின். மூன்று மடங்கு வேகத்தில் 616 கெல்வின் கிடைக்கும். ஏழு மடங்கிலோ 2,376 கெல்வின்! மிகுந்த சூட்டில் காற்றின் இயல்பு மாறுவதால் இது தோராயமே. ஆயினும் இடர் எங்குள்ளது என்பதைக் காட்டிவிடுகிறது. அச்சூட்டில் எரிபொருளின் ஆற்றலில் கணிசமான பங்கு உந்துவிசையாகாமல் மூலக்கூறுகளைப் பிளப்பதில் வீணாகும்.

அவ்வாறாயின், காற்றை முழுதும் தணிக்காமல், ஒலியினும் மிக்க வேகத்தில் ஓடும்போதே எரித்தால் என்ன? நாசாவின் முன்னோடியான நாக்காவில் பணியாற்றிய வெபர், மெக்கே இருவரும் 1958இல் இதனை எளிய கணக்குகளால் ஆராய்ந்தனர். ஏழு மடங்கு வேகத்துக்கு மேல் இம்முறையே சிறக்கும் எனக் கண்டனர். இதுவே ஸ்கிராம்ஜெட்.

எளிய கணக்கு எல்லைகளையும் உணர்த்தியது. நொடிக்கு 1,500 மீட்டர் விரையும் காற்று, ஒரு மீட்டர் நீள எரியறையை ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் கடந்துவிடும். அதற்குள் எரிபொருள் கலந்து எரிந்தாக வேண்டும். வெப்பத்தை அளவுக்கு மீறிச் சேர்த்தாலோ, ஓட்டம் ஒலிவேகத்துக்கு இறங்கி அடைபட்டுவிடும்.

கணக்கு மெய்ப்பட நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவின் எக்ஸ்-43ஏ 2004ஆம் ஆண்டு நவம்பரில் ஒன்பது மடங்குக்கும் மேலான வேகத்தை எட்டியது. இந்தியா 28.8.2016 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ராக்கெட்டில், ஆறு மடங்கு வேகத்தில் ஸ்கிராம்ஜெட் ஐந்து நொடிகள் எரிந்தது. 2025 ஏப்ரலில் ஐதராபாத்தில் நிகழ்ந்த தரைச்சோதனையில், எரியறை ஆயிரம் நொடிகளுக்கும் மேலாக எரிந்தது.

2016 சோதனையின்போது விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநராக இருந்தவர் முனைவர் கே. சிவன். குமரி மாவட்டச் சரக்கல்விளையில் உழவர் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழி பயின்றவர் அவர். தோட்டத்துப் பெற்றோர்களே, மேற்கண்ட கணக்கை இன்றிரவு உங்கள் பிள்ளையோடு அமர்ந்து போட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.