சொல் பெயரான வரலாறு

குடும்பப் பெயர் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் வெறும் சொல்லாக இருந்ததே. இதற்கு ஜெர்மானியப் பெயர்கள் தக்க சான்று.

இடைக்காலத்தில் ஜெர்மானிய நகரங்கள் பெருகியபோது, ஒரே தெருவில் ஹான்ஸ் என்போர் பலர் வாழ்ந்தனர். அவர்களைப் பிரித்தறியத் தொழில் துணை நின்றது. கொல்லர் ஷ்மிட் ஆனார். நெசவாளர் வேபர் ஆனார். தையற்காரர் ஷ்னைடர் ஆனார். தமிழர் நன்கறிந்த மாக்ஸ் முல்லரின் பெயரில் வாழ்பவரும் மாவாலை நடத்திய யாரோ ஒருவரே.

யூதர்களிடையே நெடுங்காலம் தந்தை பெயரே அடையாளமாக விளங்கியது. மெய்யியலாளர் மோசஸ், தந்தை மெண்டலின் பெயரால் மெண்டல்சோன், அதாவது மெண்டலின் மகன் ஆனார். ஃபிராங்ஃபர்ட் நகரின் யூதர் தெருவிலோ வீட்டின் அடையாளமும் பெயராயிற்று. செங்கேடயம் என்னும் பெயர் கொண்ட வீட்டில் வாழ்ந்த குடும்பமே ரோத்ஷீல்டு. அவ்வீட்டை விட்டு நீங்கிய பின்னும் அப்பெயர் அவர்களை விட்டு நீங்கவில்லை.

1787இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், தம் ஆட்சிக்குட்பட்ட யூதர் அனைவரும் நிலையான ஜெர்மன் குடும்பப் பெயர் கொள்ள ஆணையிட்டார். 1812இல் பிரஷ்ய அரசு, குடியுரிமைக்கே அதனை நிபந்தனையாக்கியது. பதிவேடுகளில் புதுப்பெயர்கள் நிறைந்தன. கோல்ட்பெர்க் என்றால் பொன்மலை. ரோசன்தால் என்றால் ரோசாப் பள்ளத்தாக்கு. புளூமன்ஃபெல்டு என்றால் பூவயல். வரி திரட்டவும் படைக்கு ஆள் சேர்க்கவும் எழுந்த பதிவேட்டில் கவிதைச் சொற்கள் குடியேறின!

ஆயினும் சொல் எவருக்கும் தனியுடைமை அன்று. ஜெர்மானியரும் யூதரும் ஒரே அகராதியிலிருந்து பெயர் கொண்டமையால், குடும்பப் பெயரை மட்டும் கொண்டு எல்லோரையும் பிரித்துவிட இயலவில்லை. எனவே 1938 ஆகஸ்டில் நாஜி அரசு மற்றோர் ஆணை பிறப்பித்தது. யூதர் என எளிதில் அறியத்தக்க முன்பெயர் இல்லாத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் 'சாரா' என்றும் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அது. அன்று பெயரைத் தந்து குடியாக்கிய பதிவேடு, இன்று பெயரை நீட்டிக் குடியிலிருந்து விலக்கியது.

அக்கொடுமையில் பெற்றோர் இருவரையும் இழந்த கவிஞர் ஒருவர், அன்ட்ஷெல் என்னும் தம் குடும்பப் பெயரை ருமேனிய மொழி வழக்கில் அன்ச்செல் என்று எழுதி, அதன் அசைகளை முன்பின்னாக மாற்றிச் செலான் என்று புனைந்துகொண்டார். பவுல் செலான் என்று உலகம் அறிந்தது அவரையே. கொலைஞர் பேசிய அதே ஜெர்மன் மொழியில் இறுதிவரை அவர் கவிதை எழுதினார்.

பதிவேடு எழுதிய பெயரை ஒரு கவிஞன் திருத்தி எழுதினான். சொல் மீண்டும் சொல்லுக்குரியவனிடம் வந்து சேர்ந்தது.