மிஸ்கடானிக் தென்முனைப் பயணத்து வானூர்திகள்

அமெரிக்கப் புனைகதையாசிரியர் எச். பி. லவ்கிராஃப்ட் 1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதி, 1936-இல் இதழொன்றில் மூன்று பகுதிகளாக வெளிவந்த நெடுங்கதை ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ என்பது. மிஸ்கடானிக் என்னும் கற்பனைப் பல்கலைக்கழகத்தார் 1930 செப்டம்பர் 2-இல் பாஸ்டன் துறையினின்று தென்முனை நோக்கிப் புறப்படுவதாக அக்கதை தொடங்குகின்றது. அவர்தம் வானூர்திகள் ஐந்து. அவை டோர்னியர் ஊர்திகள் என்றும், பெருவுயரத்திற்கெனத் தனியே அமைக்கப்பெற்றவை என்றும் கூறிய ஆசிரியர், இன்ன வகையின என்று கூறினாரில்லை. டோர்னியர் மெய்யாகவே இருந்த செருமானிய நிறுவனமாதலின், அவ்வகையைத் துணிதல் இயலுமா என்று நோக்குவாம்.

‘வால்’ என்னும் பறக்கும் படகே அது என உடனே விடை கூறத் தோன்றும். (திமிங்கிலம் எனப் பொருள்படும் செருமானியச் சொல் அது, நம் சொல்லோடு மயங்கற்க.) அவ்விடைக்கு வலிய சான்று உண்டு. 1925 மே 21-இல் அமுண்ட்சென், எல்ஸ்வொர்த் முதலிய அறுவர் என் 24, என் 25 என்னும் இரு வால் படகுகளில் வடமுனை நோக்கிப் பறந்து, ஏறத்தாழ 88 பாகையில் பனிக்கடலில் இறங்கினர். மூன்று வாரங்களுக்கு மேலாகப் பனியை வெட்டியும் மிதித்தும் ஓடுபாதை அமைத்து, சூன் 15-இல் அறுவரும் என் 25 ஒன்றிலேயே ஏறி மீண்டனர். அதே என் 25, எஞ்சின்கள் மாற்றப்பெற்று, டி-1422 என்னும் குறியீட்டுடன் வொல்ஃப்காங் ஃபொன் குரோனாவால் அட்லாண்டிக் கடந்து செலுத்தப்பெற்று, 1930 ஆகஸ்டு 26-இல் நியூயார்க்கு வந்து சேர்ந்தது. கதைக் கப்பல்கள் புறப்பட்டதோ அதற்கு ஒரு வாரம் கழித்து. முனைப்பயணத்திற்கு ஊர்தி தேடும் கதையாசிரியர்க்கு அக்காலத்து இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது.

ஆயின் பெயர் பொருந்துவதால் பொருளும் பொருந்தும் என்று கொள்ளலாகாது. நூலின் அகச்சான்றுகள் வேறு கூறுகின்றன. மலைக்கப்பால் பாழ்நகரின் அருகே இறங்கியோர், ஊர்தியின் சறுக்குக் கட்டைகள் பனியில் நன்கு பொருந்தியிருத்தலைப் பார்த்துக்கொள்கின்றனர். வாலுக்குச் சறுக்குக் கட்டைகள் இல்லை. அது உலோக அடிவயிற்றாலேயே நீரிலும் பனியிலும் சறுக்குவது. எனவே தரைவானூர்தியான டோர்னியர் ‘மெர்க்கூர்’ எனலாமோ எனின், அதுவும் பொருந்தாது. சனவரி 25-ஆம் நாள் மீட்புப் பயணத்தில் ஒரே ஊர்தி பத்து ஆடவர், ஏழு நாய்கள், ஒரு சறுக்குவண்டி, எரிபொருள், உணவு, வானொலிக் கருவி ஆகிய யாவற்றையும் சுமந்து பறக்கின்றது. ஒற்றை எஞ்சினுடைய மெர்க்கூர் பயணிகள் அறுவர் முதல் எண்மர் வரையே ஏற்றவல்லது.

விரைவும் தடையாகின்றது. கடற்கரைக் கிடங்கினின்று 86 பாகை 7 கலையில் அமைந்த தென்தளம் வரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். அதனை நான்கு மணி நேரத்தில் இடைநில்லாது கடந்தனர் என்கின்றது கதை. மணிக்கு 250 கிலோமீட்டர் ஆகின்றது. மெர்க்கூரின் மேல்விரைவே 200-ஐ ஒட்டியது.

அங்ஙனமாயின் அவ்வூர்திகளின் செயல் எங்கிருந்து வந்தது? பேர்டின் பயணத்திலிருந்து என்பது எம் துணிபு. அவர் 1929 நவம்பர் இறுதியில் தென்முனையின்மேல் பறந்தது மூன்று எஞ்சின் கொண்ட ஃபோர்டு வானூர்தியில். அது சறுக்குக் கட்டைகளுடன் ராஸ் பனித்தட்டிலிருந்து எழுந்தது; பயணியூர்தியாகப் பத்துப் பேருக்குமேல் ஏற்றவல்ல வகையைச் சார்ந்தது. லிவ் பனியாற்றின் தலைப்பைத் தாண்ட உயரம் போதாமையால் உணவுப் பைகளை வெளியே எறிந்து சுமை குறைத்தனர். கதையிலும் மலைக்கணவாயைக் கடக்கும் இருவர் சுமை குறைத்த ஊர்தியிலேயே செல்கின்றனர்; உயரம் மட்டும் 23,570 அடிக்கு வளர்ந்துவிடுகின்றது. அவ்வுயரம் ஃபோர்டுக்கும் வாலுக்கும் ஒருங்கே எட்டாதது. ‘தனியே அமைக்கப்பெற்றவை’ என்ற தொடர் வெற்று அடைமொழியன்று, இவ்விடர்ப்பாட்டை முன்னரே உணர்ந்து இட்ட காப்பு என்றே கொள்கின்றோம். பெயர் அமுண்ட்சென் வழி வந்த டோர்னியருக்கு உரியது, நடையோ ஃபோர்டினுடையது.

டோர்னியர் வால் மெய்யாகவே தென்முனைக் கண்டத்தின்மேல் பறந்தது கதை வெளிவந்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின். 1938-39-இல் சென்ற செருமானியப் பயணத்தில் ‘போரியஸ்’, ‘பாசாட்’ என்னும் இரு வால்கள் ‘ஷ்வாபென்லாண்ட்’ கப்பலினின்று உந்துபொறியால் ஏவப்பெற்று நிலப்படங்கள் எடுத்தன. அவை திரும்பி இறங்கியது கடல்நீரில்.