ரிசர்வ் பையன்கள்

1958-ம் ஆண்டு, பிப்ரவரி 19. புதன்கிழமை ராத்திரி. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ஓல்டு டிராஃபோர்டு ஃபுட்பால் மைதானத்துக்குள் ஏறக்குறைய 60 ஆயிரம் பேர். வாசலில் மேட்ச் புரோகிராம் விற்கிறார்கள். இன்றைக்கு யார் யார் ஆடுகிறார்கள் என்று அச்சடித்த சின்னப் புத்தகம். எதிரணி ஷெஃபீல்டு வெட்னஸ்டே. அவர்களுடைய 11 பெயர்களும் வரிசையாக இருக்கின்றன. உள்ளூர் அணி மான்செஸ்டர் யுனைடெட். அந்தத் தலைப்புக்குக் கீழே 11 இடங்கள். பதினொன்றும் காலி!

அச்சகத்தின் தவறு இல்லை. புத்தகம் அச்சுக்குப் போனபோது, அந்த 11 பேர் யார் என்று அணியை நடத்திக்கொண்டிருந்தவருக்கே தெரியாது. காரணம், 13 நாட்களுக்கு முன்னால் அந்த அணி விமானத்தோடு சேர்ந்து நொறுங்கிப் போயிருந்தது.

கொஞ்சம் பின்னால் போவோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் யுனைடெட்டுக்கு மேனேஜராக வந்தவர் மேட் பஸ்பி. அடுத்த கிளப்பில் ஆடுகிற பெரிய ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து வாங்குவதுதான் அந்தக் காலத்து வழக்கம். பஸ்பி வேறு மாதிரி யோசித்தார். பதினைந்து வயசுப் பையன்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்து, நாமே வளர்த்தால் என்ன?

வளர்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே! போரின் கடைசிக் கட்டத்தில், இத்தாலியின் பாரி நகரில் ராணுவ வீரர்களுக்கு ஒருவர் ஃபுட்பால் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை பஸ்பி கேட்டார். வேல்ஸ் நாட்டின் ரோண்டா நிலக்கரிப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த மனிதர். பெயர் ஜிம்மி மர்ஃபி. பேச்சிலே அப்படியொரு நெருப்பு. 'இவர்தான் நமக்கு' என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார் பஸ்பி.

பஸ்பியின் பெயரை உலகத்துக்கே தெரியும். மர்ஃபியை எத்தனை பேருக்குத் தெரியும்? பயிற்சி மைதானத்தில், சேறும் சகதியுமாகப் பையன்களோடு நின்றவர் அவர்தான். பாபி சார்ல்டன் என்ற பையன் 15 வயதில் வந்து சேர்ந்தான். பின்னாளில் உலகக் கோப்பை ஜெயித்த அதே சார்ல்டன்தான். தன்னை ஆட்டக்காரனாக்கியது மர்ஃபிதான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பலன் சீக்கிரமே வந்தது. 1952-53 சீசனில் இளைஞர்களுக்கான எஃப்.ஏ. யூத் கோப்பை தொடங்கியது. முதல் ஐந்து வருஷமும், அதாவது 1953 முதல் 1957 வரை, அதை வேறு யாரும் தொட முடியவில்லை. அந்தப் பையன்களில் பலர் பெரிய அணிக்குப் போய், 1956, 1957 இரண்டு வருஷமும் லீக் பட்டத்தை ஜெயித்தார்கள். பத்திரிகைகள் வைத்த பெயர் 'பஸ்பி பேப்ஸ்'. நம்ம பாஷையில் சொன்னால், பஸ்பியின் பொடியன்கள்!

கம்பெனிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு 'ரிசர்வ்' என்ற வார்த்தை புதிதில்லை. லாபம் வந்த வருஷத்தில் எல்லாவற்றையும் பங்கு பிரித்துக் கொடுத்துவிடாமல், ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கி வைப்பார்கள். நல்ல காலத்தில் அது சும்மா கிடக்கிற பணம் போலத்தான் தெரியும். ஃபுட்பாலிலும் ரிசர்வ் டீம் என்று ஒன்று உண்டு. யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்கத் துடிக்காத, பேப்பரில் படம் வராத பையன்கள். மர்ஃபி அந்தக் கணக்கில்தான் வருஷக்கணக்காக வரவு வைத்துக்கொண்டே இருந்தார்.

இப்போது 1958-க்கு வருவோம். பிப்ரவரி 5-ம் தேதி பெல்கிரேடில் ரெட் ஸ்டார் அணியோடு 3-3 என்று டிரா செய்து, ஐரோப்பியக் கோப்பை அரையிறுதிக்குத் தகுதி பெற்றது யுனைடெட். மறுநாள் ஊர் திரும்பும் வழியில், எரிபொருள் நிரப்ப ஜெர்மனியின் மியூனிக் நகரில் விமானம் இறங்கியது. கடும் பனி. மறுபடி கிளம்ப இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது முறை ஓடியது. ரன்வேயில் பாதி உருகிய பனிச் சேறு. வேகம் கூடாமல் ரன்வேயைத் தாண்டி ஓடி, வேலியை உடைத்துக்கொண்டு போய், ஒரு வீட்டில் மோதியது.

விமானத்தில் இருந்தவர்கள் 44 பேர். மொத்தம் 23 பேர் இறந்தார்கள். அதில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். கேப்டன் ரோஜர் பைர்னுக்கு 28 வயது. எட்டுப் பேரில் மூத்தவரே அவர்தான்! எடி கோல்மனுக்கு 21.

மர்ஃபி அந்த விமானத்தில் இல்லை. அவர் வேல்ஸ் தேசிய அணிக்கும் மேனேஜர். பிப்ரவரி 5 அன்று கார்டிஃபில் வேல்ஸுக்கும் இஸ்ரேலுக்கும் உலகக் கோப்பைத் தகுதிப் போட்டி. அதனால் அங்கே போய்விட்டார். யுனைடெட்டோடு பெல்கிரேடு போன பயிற்சியாளர் பெர்ட் வாலி திரும்பி வரவில்லை.

வேல்ஸ் ஜெயித்த சந்தோஷத்தோடு மறுநாள் ஓல்டு டிராஃபோர்டு வந்து இறங்கினார் மர்ஃபி. பஸ்பியின் செயலாளர் அல்மா ஜார்ஜ் விஷயத்தைச் சொன்னார். மண்டையில் ஏறவில்லை. மறுபடி சொன்னார். மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் மர்ஃபிக்குப் புரிந்தது. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் மியூனிக் ஆஸ்பத்திரி. பஸ்பி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். பாதிரியார் வந்து கடைசிப் பிரார்த்தனைகூடச் சொல்லிவிட்டார். அந்த நிலையிலும், கொடியைக் கீழே இறக்கிவிடாதே என்று மர்ஃபியிடம் முணுமுணுத்தாராம். இன்னொரு படுக்கையில் டங்கன் எட்வர்ட்ஸ். வயது 21. இங்கிலாந்து பெற்ற ஆட்டக்காரர்களிலேயே தலைசிறந்தவராக வந்திருப்பார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர் மர்ஃபியிடம் கேட்டது, சனிக்கிழமை மேட்ச் எத்தனை மணிக்கு என்று! பிப்ரவரி 21 அன்று எட்வர்ட்ஸ் இறந்துபோனார்.

மியூனிக்கில் ஒரு ராத்திரி, இருட்டான மாடிப் படியில் யாரோ விசும்பும் சத்தம் கோல்கீப்பர் ஹாரி கிரெக்குக்குக் கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால், தனியாக உட்கார்ந்திருக்கிறார் மர்ஃபி. கிரெக் பின்னாளில் இதைச் சொன்னார். எரிகிற விமானத்துக்குள் திரும்பப் போய் ஒரு கைக்குழந்தையைத் தூக்கி வந்தவர் கிரெக்.

கவனியுங்கள். மர்ஃபி அழாத மனிதர் இல்லை. பையன்கள் கண்ணில் படாத இடத்தில் அழுதார். அவ்வளவுதான்.

கிரெக்கையும் பில் ஃபோக்ஸையும் ரயிலிலும் கப்பலிலுமாக ஊருக்கு அழைத்து வந்தார். அடுத்த வேலை? மான்செஸ்டரில் ஒவ்வொரு தெருவிலும் சவ ஊர்வலம். செத்தவர்கள் எல்லாம் இந்தப் பையன்களோடு தினமும் சாப்பிட்டுச் சிரித்தவர்கள். இந்தச் சூழலில் பையன்களை வைத்திருந்தால் உடைந்துபோவார்கள் என்று தெரிந்து, பிளாக்பூல் கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப் போனார். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குப் பயிற்சி. அடுத்த மேட்ச் மட்டும்தான் பேச்சு.

வெளியிலிருந்தும் கைகள் நீண்டன. பிஷப் ஆக்லாண்டு என்ற அமெச்சூர் கிளப், தன் ஆட்டக்காரர்கள் மூன்று பேரை ரிசர்வ் அணிக்குக் கொடுத்து உதவியது. பிளாக்பூலிலிருந்து எர்னி டெய்லரை வாங்கினார் மர்ஃபி. ஆஸ்டன் வில்லாவிலிருந்து ஸ்டான் கிரவுதர் கையெழுத்துப் போட்டதோ, அந்த பிப்ரவரி 19 அன்று மேட்ச் தொடங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான்!

மிச்சம் எல்லாம் நம்ம ரிசர்வ் கணக்கு. அலெக்ஸ் டாசன், இன்னும் 18 நிரம்பவில்லை. மார்க் பியர்சனுக்கு 18. ஷே பிரென்னனுக்கு 20. பெரிய அணியில் பிரென்னனுக்கு அதுதான் முதல் மேட்ச். பழக்கமில்லாத இடதுபுற முன்வரிசையில் நிறுத்தினார்கள். பையன் இரண்டு கோல் போட்டான்! டாசன் ஒன்று. யுனைடெட் 3, ஷெஃபீல்டு வெட்னஸ்டே 0.

சினிமாவாக இருந்தால் இங்கேயே 'வணக்கம்' போட்டுவிடலாம். வாழ்க்கை அப்படி விடுவதில்லையே!

மார்ச் 5 அன்று எஃப்.ஏ. கோப்பை கால் இறுதியில் வெஸ்ட் புரோமை 1-0 என்று ஜெயித்தார்கள். மூன்றே நாளில் அதே வெஸ்ட் புரோம், அதே மைதானத்துக்கு வந்து, லீக் மேட்சில் 4-0 என்று துவைத்து எடுத்தது. அரையிறுதியில் ஃபுல்ஹாமை டாசன் மூன்று கோல் அடித்துச் சாய்த்தான். இறுதிப் போட்டியில் போல்டனிடம் 2-0 தோல்வி. விபத்துக்குப் பிறகு ஆடிய 14 லீக் மேட்சில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. யூத் கோப்பையும் அந்த வருஷம் கையைவிட்டுப் போனது. பின்னே, அந்த அணியின் பையன்களைத்தானே மேலே ஏற்றியாகிவிட்டது!

மனஉறுதி, விடாமுயற்சி என்றெல்லாம் மேடையில் பேசுகிறோமே, நிஜத்தில் அது இப்படித்தான் இருக்கும். ஒரு ஜெயிப்பு, மூன்று தோல்வி, மறுநாள் காலையில் மறுபடி பயிற்சி. ரிசர்வ் பணத்தை எடுத்துச் செலவு செய்தால் கணக்கில் குறையத்தான் செய்யும். டாசன், பியர்சன் இரண்டு பேரையும் அவ்வளவு சின்ன வயதில், அவ்வளவு பெரிய சுமையோடு இறக்கியிருக்கக் கூடாது என்று பிற்காலத்தில் பேசாதவர்கள் இல்லை. இருவருமே சில வருஷங்களில் வேறு கிளப்புக்குப் போய்விட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்தால் இந்தக் கதையைச் சொன்னதில் அர்த்தமில்லை. ஜானி பெர்ரி, ஜாக்கி பிளாஞ்ச்ஃபிளவர் இரண்டு பேரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால், மறுபடி பந்தைத் தொடவே முடியவில்லை. ஆட முடியாதவர்களுக்கு கிளப் வீட்டில் இடம் ஏது? காலி செய்ய வேண்டியிருந்தது. மனநல ஆலோசனை என்ற பேச்சே இல்லாத காலம். பிழைத்தவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் நிதி திரட்ட ஓல்டு டிராஃபோர்டில் ஒரு பெரிய மேட்ச் நடந்தது எப்போது தெரியுமா? 1998-ல். சரியாக 40 வருஷம் கழித்து! எழுந்து ஓடியவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடிய கூட்டம், எழ முடியாதவனைத் திரும்பிப் பார்க்க அவ்வளவு காலம் ஆனது.

பஸ்பி பிழைத்தார். இனி ஃபுட்பாலே வேண்டாம் என்று இருந்தவரை, போன பையன்கள் நீங்கள் தொடர வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டிருப்பார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர் மனைவி ஜீன். மறுபடி மர்ஃபியோடு சேர்ந்து பொடியன்களைத் தேட ஆரம்பித்தார்.

1968 மே 29. லண்டன் வெம்ப்ளி மைதானம். ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் பென்ஃபிகாவை 4-1 என்று ஜெயித்தது யுனைடெட். மியூனிக்கில் பிழைத்த சார்ல்டன், ஃபோக்ஸ் இருவரும் அந்த அணியில் இருந்தார்கள். அன்றைக்குத்தான் 19-வது பிறந்தநாள் கண்ட பிரையன் கிட் என்ற பொடியன் ஒரு கோல் போட்டான். தற்காப்பு வரிசையில் நின்றவர் யார் தெரியுமா? 10 வருஷத்துக்கு முன்னால், காலியாக இருந்த அந்தப் புரோகிராமிலிருந்து எழுந்து வந்த அதே ஷே பிரென்னன்!

மர்ஃபி 1989-ல் காலமானார். ஓல்டு டிராஃபோர்டில் அவருக்குச் சிலை வைக்க 2023 வரை ஆனது. ஆனால், 1990-லிருந்து கிளப்பின் சிறந்த இளம் ஆட்டக்காரருக்குத் தரும் விருதுக்கு அவர் பெயர்தான்.

உங்கள் தெருவிலும் ஒரு பையன்கள் அணி இருக்கும். உங்கள் வீட்டுப் பையனே அதில் இருக்கலாம். தோற்று, அடிபட்டு, ஒரு நண்பனை இழந்து வந்து நிற்கிற நாளில், அவனுக்கு என்ன சொல்வது என்று நமக்குத் தெரியாது. மர்ஃபிக்கும் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனுக்கும் வருஷக்கணக்காக ஆட்டம் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தார். கஷ்டம் வந்த அன்றைக்கு வேளைக்குச் சாப்பாடு போட்டு, நாளைக் காலையில் எத்தனை மணிக்கு மைதானத்துக்கு வர வேண்டும் என்று சொன்னார். வர முடியாதவன் வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்திருந்தால், கணக்கு இன்னும் நேராக இருந்திருக்கும்.