ஆசிரியரும் சங்கமும்: கறுப்பின ஆசிரியர்களின் வரலாறு நமக்குச் சொல்வது



ஆசிரியர் சங்கம் என்றதும் நம்மில் பலருக்குச் சந்தா ரசீதும், இடமாறுதல் கலந்தாய்வும், அகவிலைப்படியும்தான் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை. ஆனால் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஆசிரியருக்குச் சங்கம் அதைவிடப் பெரியது. எழுந்து நியாயம் பேசியவர் மறுநாள் வேலையில் இருப்பாரா என்பதே பல நேரங்களில் அதைப் பொறுத்திருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின ஆசிரியர்கள் இதை நமக்கு முன்பே பட்டறிந்தவர்கள். கறுப்பின மக்களின் நிலையையும் நம் மக்களின் நிலையையும் இணைத்துப் பார்த்து, 1946இல் அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார் அண்ணல் அம்பேத்கர். அந்தப் பார்வையோடுதான் நாமும் அவர்கள் வரலாற்றை வாசிக்கிறோம்.

தென்மாநிலங்களில் வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு ஒரு பள்ளி. வெள்ளை ஆசிரியர்களின் சங்கங்களும் கறுப்பரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே 1904இல் கறுப்பின ஆசிரியர்கள் தங்களுக்கென ஒரு தேசியச் சங்கம் கண்டார்கள். 1937இல் அது அமெரிக்க ஆசிரியர் சங்கம் என்று பெயர் மாறியது. மாநிலங்களிலும் நகரங்களிலும் அவர்களுக்குச் சொந்தச் சங்கங்கள் இருந்தன.

அவற்றால் என்ன பயன் விளைந்தது? வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக் நகரைப் பாருங்கள். படிப்பு ஒன்று, வேலை ஒன்று. சம்பளம் மட்டும் நிறம் பார்த்தது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் மெல்வின் ஆல்ஸ்டன் ஆண்டுக்கு 921 டாலர் பெற்றார். அதே தகுதியுள்ள வெள்ளை ஆசிரியருக்கு 1,200 டாலர். இதை எதிர்த்து முதலில் வழக்குத் தொடுத்தவர் வேதியியல் ஆசிரியை அலீன் பிளாக். 1939இல் அவருடைய பணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நிர்வாகம் மறுத்தது. வேலை போனதும் வழக்கும் நின்றுபோனது.

ஒருவரை வெளியேற்றினால் போராட்டம் முடிந்துவிடும் என்று நிர்வாகம் கணக்குப் போட்டது. சங்கம் அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. நார்ஃபோக் ஆசிரியர் சங்கத்தின் தலைவராக இருந்த ஆல்ஸ்டன் அடுத்து முன்வந்தார். இம்முறை அவர் பெயரோடு சங்கத்தின் பெயரும் வழக்கில் இருந்தது. வழக்குரைஞர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். நிறத்தைப் பார்த்துச் சம்பளம் நிர்ணயிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1940இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. அலீன் பிளாக் 1941இல் மீண்டும் பணிக்குத் திரும்பினார்.

அமைப்பின் பலத்தை ஆள்வோர் நன்கு அறிவார்கள். 1956இல் தென் கரோலினா அரசு, கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யில் உறுப்பினராக இருப்பவர் அரசு வேலையில் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. சுமார் 40 ஆண்டுகள் பாடம் நடத்திய செப்டிமா கிளார்க் உறுப்பினர் பதவியை விட மறுத்தார். சக கறுப்பின ஆசிரியர்கள் 700க்கும் மேற்பட்டோருக்குக் கடிதம் எழுதினார். மிகச் சிலரே பதில் எழுதினார்கள். வேலையும் ஓய்வூதியமும் பறிபோயின. ஓய்வூதியம் திரும்பக் கிடைக்க 20 ஆண்டுகள் ஆயின. பதில் எழுதாதவர்களைக் கோழைகள் என்று நாம் தூற்ற வேண்டியதில்லை. குடும்பம் அந்தச் சம்பளத்தை நம்பியிருக்கும்போது பயம் இயல்பு. அந்தப் பயத்தை ஆளுக்கு ஆள் தனியாகச் சுமக்காமல் பகிர்ந்துகொள்ளவே அமைப்பு வேண்டியிருக்கிறது.

இந்த வரலாற்றில் கசப்பான இன்னொரு பாடமும் உண்டு. 1954இல் பிரவுன் வழக்கின் தீர்ப்பு பள்ளிகளில் நிறப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அறிவித்தது. நாம் கொண்டாடும் தீர்ப்பு அது. ஆனால் பள்ளிகளை இணைத்தபோது பெரும்பாலும் மூடப்பட்டவை கறுப்பினப் பள்ளிகளே. 1965 வரையிலான காலத்தில் 38,000க்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1966இல் அமெரிக்க ஆசிரியர் சங்கம், தேசியக் கல்விச் சங்கம் என்னும் பெரிய அமைப்போடு இணைந்தது. மாநிலச் சங்கங்களும் ஒவ்வொன்றாக இணைந்தன. கறுப்பினத் தலைவர்கள் பல இடங்களில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார்கள்.

இது நமக்கு அயலூர்க் கதை அல்ல. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உள்ளிட்ட பல துறைப் பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறையின்கீழ் கொண்டுவரப்படும் என்று 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சேரிக்கென்று தனிப்பள்ளி என்ற நிலை என்றும் தொடர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இணைப்பு என்று வரும்போது பணிமூப்புப் பட்டியலில் நம் ஆசிரியர் எங்கே நிற்பார்? தலைமையாசிரியர் பணியிடங்கள் யாருக்குப் போகும்? நம் பிள்ளைகளின் பள்ளி அதே இடத்தில் இருக்குமா? பேச்சுவார்த்தை மேசையில் இடம் உள்ளவர்தான் இவற்றைக் கேட்க முடியும்.

ஆகவே, நாளை ஆசிரியர்களாகப் போகும் மாணவத் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பொதுச் சங்கத்தில் சேருங்கள். அங்கே நமக்கு உரிமை உண்டு. சந்தாவோடு நின்றுவிடாமல், செயற்குழுவில் நம்மவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். நமக்கென்று இருக்கும் சங்கத்தையும் கலைத்துவிடாதீர்கள். பொதுச் சங்கம் மௌனமாக இருக்கும் நாளில் நமக்காகப் பேச அது வேண்டும்.