கொட்டியாரக் கரையோர வேடரும் ஆட்சியாளர் ஏடுகளும்

ஒரு மக்களை ஆளப் புகுவோர் முதலில் அவர்களை அறிதல் வேண்டும். ஆயின் அவ்வறிவு யாருக்குப் பயன்பட்டது? இதற்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மூதூருக்குத் தெற்கே ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை வரை நீளும் கரையில் வாழும் வேடரின் வரலாறே போதும்.

இலங்கை அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று, மானிடவியல் அறிஞர் சி. ஜி. செலிக்மனும் அவர் துணைவியார் பிரெண்டாவும் 1907, 1908ஆம் ஆண்டுகளில் வேடரிடையே ஆய்வு செய்தனர். 1911இல் வெளிவந்த அவர்களது நூல், வேடரின் மூதாதையர் வழிபாட்டையும் ஆட்டச் சடங்குகளையும் அழியாது காத்தது. அந்நன்றியை நாம் மறத்தலாகாது. ஆயினும், வில்லும் தேனும் மலைக்குகையுமாக வாழ்ந்த கலப்பற்ற வேடரையே அவர்கள் பெரிதும் நாடினர். தமிழ் பேசி, வலை வீசி, சேனைப்பயிர் செய்த நம் அயலவரோ கலப்புற்றோராகவே எண்ணப்பட்டனர்.

அரசாங்கத்தின் கணக்கும் இதே நோக்கில் சென்றது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் வேடர் 5,332 பேர், 1946இல் 2,361, 1963இல் 400 மட்டுமே! இவர்கள் எல்லோரும் மாண்டனரோ? இல்லை. பலர் தமிழரென்றும் சிங்களவரென்றும் எழுதப்பட்டனர். காட்டிலும் களப்பிலும் பரம்பரை உரிமை கேட்போருக்கு, அப்பரம்பரை ஏட்டில் இல்லையென்றால் யார் செவிசாய்ப்பார்? 1983இல் மாதுறு ஓயா தேசிய வனமானபோது, ஏட்டில் பெயர் பெற்ற தம்பானை வேடரே தம் வேட்டைக்காட்டை இழந்தனர். ஏட்டிலே பெயரில்லாதார் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்தியாவில் வேறொரு வழி முயலப்பட்டது. 1954இல் வடகிழக்கு எல்லைப்புற நிருவாகத்தின் பழங்குடி ஆலோசகராக வெரியர் எல்வின் அமர்ந்தார். பழங்குடியினர் தம் இயல்பின் வழியே வளர வேண்டும், நிலமும் காடும் அவர்க்குரியன, நிருவாகத்திற்கு அவர்களையே பயிற்ற வேண்டும் என்னும் கொள்கைகளைப் பிரதமர் நேரு வகுத்துரைத்தார். அவை முற்றும் நிறைவேறின என்று நாம் கூறோம். எனினும், அறிஞரின் அறிவு ஆளப்படுவோர்க்கும் உதவலாம் என்பதை அவை காட்டின.

நாமும் குற்றமற்றவரல்லோம். 'வேடன்' என்னும் சொல்லை வசையாக வழங்கியது நம் நாவே. அச்சொல்லைத் தம் பெயராகப் பெருமையுடன் கூறும் முதியோர் நம் அயலிலே இருக்கின்றனர். இளைஞர்காள்! அவர்தம் முற்றத்துக்குச் சென்று அமருங்கள். காட்டுக்கும் குளத்துக்கும் அவர்கள் இட்ட பெயர்களை அவர்கள் சொல்லியவாறே எழுதுங்கள். எழுதியதன் பிரதியை முதலில் அவர்கள் கையிலே கொடுங்கள். அதுவே அறிவுக்கும் அயலன்புக்கும் அழகு.