புல்லட்டா, ராஜ்தூத் 350-ஆ?

அமெரிக்காவில் பழைய கார் சேகரிப்பவர்கள் ஃபோர்டு மஸ்டாங்கா, டட்சனா என்று சண்டை போடுவார்கள். நம்மூரில் அந்தச் சண்டை பைக்கில்தான்.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்தது. ராணுவத்துக்காக வந்த புல்லட் திருவொற்றியூரில் தயாரானது. தாய்க் கம்பெனி 1970-இல் மூடியும் இங்கே நிற்கவில்லை. அதனால் ரிஷிவந்தியத்தில் வாங்கினாலும் பாகங்களுக்குப் பெரிய கவலை இல்லை.

1983-இல் எஸ்கார்ட்ஸ், யமஹா ஆர்டி 350-ஐ ராஜ்தூத் என்ற பெயரில் விற்றது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பேய் வேகம்! பெட்ரோலையும் அப்படியே குடித்தது. 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985-இல் ஹீரோ ஹோண்டா என 100 சிசி வண்டிகள் மைலேஜ் காட்ட, யார் வாங்குவார்கள்? சில வருடங்களில் உற்பத்தி நின்றது.

அன்று விலைபோகாத அதைத்தான் இன்று தேடி அலைகிறார்கள். ஓட்டுவதற்குப் புல்லட் போதும். சேர்த்து வைக்க ராஜ்தூத். ஆனால் இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும்.