கடலடிக் கம்பியும் கண்ணாடி ஒளிப்புள்ளியும்



மின்சாரத்தைக் கம்பியினுள்ளே அடக்கி வைப்பது அதனைச் சூழ்ந்துள்ள காவலியாகும். காவலி முற்றாகக் கெடுமுன்னர் பெரும்பாலும் ஏதேனும் ஓர் அறிகுறியைக் காட்டும். அவ்வறிகுறியை வெறுஞ் சலனத்தினின்றும் பிரித்தறிவது எங்ஙனம்? பெருஞ் செலவையும் பேரிழப்பையும் கொண்டு இவ்வினாவை மனிதனுக்கு உணர்த்தியது அத்திலாந்திக் சமுத்திரம்.

1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆந் திகதி, அயர்லாந்தையும் நியூபவுண்ட்லாந்தையும் இணைக்கும் தந்திக் கம்பி கரை சேர்ந்தது. செப்புக் கம்பியின் மேல், மலாயாக் காடுகளில் வளரும் மரத்தின் பாலாகிய கட்டாப்பேர்ச்சா காவலியாகப் பூசப்பட்டிருந்தது. விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு விடுத்த செய்தி நூறு சொற்களுக்கும் குறைந்தது. எனினும் அதனை அனுப்பி முடிக்க ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. இத்தாமதமே ஓர் எச்சரிக்கையன்றோ?

கம்பனியின் மின்னியலாளரான வைட்ஹவுஸ் என்பார் தொழிலால் சத்திர வைத்தியர். குறி மெலிந்தால் அழுத்தத்தை உயர்த்துதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பெருஞ் சுருள்களைக் கொண்டு ஏறத்தாழ 2,000 வோல்ற் அழுத்தத்தை அவர் கம்பியிற் செலுத்தினார். அக்கம்பியோ முன்னரே குறையுடையது. வெயிலிற் கிடந்தபோது கட்டாப்பேர்ச்சா இளகி, செப்புக் கம்பி சில இடங்களில் நடுவினின்றும் விலகியிருந்தது. நலிந்த இடத்தை உயர் அழுத்தம் மேலும் நலிவித்தது. சில வாரங்களிற் கம்பி ஊமையாயிற்று. உயர் அழுத்தம் இன்றியும் அது நெடுநாள் நிலைத்திராது என்பாரும் உளர். ஆயினும் முடிவை அது விரைவுபடுத்தியது என்பதிற் பெரிதும் ஐயமில்லை.

வில்லியம் தொம்சன் மறுவழியை நாடினார். அழுத்தத்தைப் பெருக்காது, காண்கருவியை நுண்மையாக்கினார். அவரது கண்ணாடிக் கல்வனோமானியில், சிறு காந்தத்தோடு ஒட்டிய கண்ணாடி ஓர் ஒளிப்புள்ளியை அளவுகோலின்மேல் வீழ்த்தும். மிக மெல்லிய மின்னோட்டமும் அப்புள்ளியை நகர்த்தும். ஆனால் நுண்மைக்கும் ஒரு விலையுண்டு. கப்பலின் ஆட்டமும் அதன் இரும்பும் புள்ளியை அலைக்கழித்தன. ஆகவே கப்பலுக்கென அவர் அமைத்த கருவியில், காந்தம் இழுத்துக் கட்டிய இழையிற் பொருத்தப்பட்டது. கருவியைச் சுற்றி இரும்புக் கவசமும் இடப்பட்டது. பூமியிலே தாமாக ஓடும் மின்னோட்டங்களின் குழப்பத்தை நீக்க, மின்கலத்தின் முனைகளை மாற்றி இருமுறை சோதிப்பது வழக்கமாயிற்று.

1865இல் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் பெருங்கப்பல் புதிய கம்பியை இறக்கிச் சென்றது. ஜூலை 24ஆந் திகதி ஒளிப்புள்ளி திடீரென அளவுகோலை விட்டு ஓடிற்று. இம்முறை எச்சரிக்கை புறக்கணிக்கப்படவில்லை. இறக்கிய கம்பியை மீண்டும் மேலிழுத்துப் பார்த்தபோது, சிறு இரும்புக் கம்பித்துண்டொன்று காவலியைத் துளைத்திருக்கக் கண்டனர். ஆகஸ்ட் 2ஆந் திகதி மற்றொரு பழுதை நாடி மேலிழுக்கையிற் கம்பி அறுந்து ஆழ்கடலில் மறைந்தது. எனினும் 1866இல், கரையோடு உரையாடிக்கொண்டே காவலியை இடைவிடாது சோதிக்கும் முறையுடன், அம்முயற்சி வெற்றி பெற்றது.

அம்முறையை வகுத்த வில்லோபி சிமித் பின்னர் செலேனியக் கோல்களை உயர் தடைகளாகப் பயன்படுத்தினார். அவற்றின் தடை ஓரிடத்தில் நில்லாது மாறியது. சோதனைக்கு இடையூறான இம்மாற்றத்தை ஆராய்ந்தபோது காரணம் ஒளியே எனத் தெரிந்தது. பெட்டியை மூடினால் தடை உயர்ந்தது, திறந்தால் தாழ்ந்தது. 1873இல் வெளியான இச்செய்தியே ஒளிமின் கருவிகளின் வரலாற்றுக்கு ஒரு தொடக்கமாகும்.

இன்று உயர் அழுத்த மின்மாற்றிகளையும் கம்பிகளையும் சோதிப்போர், காவலியின் நுண் இடைவெளிகளில் நிகழும் பகுதி மின்னிறக்கத்தைத் தேடுகின்றனர். பெரும் பழுதுக்கு அது முன்னறிவிப்பு. அச்சிறு துடிப்பை மறைக்கும் இரைச்சல்களுள் வானொலி அலையும் ஒன்று. நேயர்களுக்கு இன்னுரையாக வருவது சோதனையாளனுக்கு இடையூறாகின்றது! ஆதலின் அவன் உலோகத்தால் அடைத்த அறையினுள்ளே சோதிக்கிறான்.

மெல்லிய குரலைக் கேட்பதற்கு உரத்துக் கூவுதல் வழியன்று. சுற்றுப்புற இரைச்சலை அடக்கிச் செவியைக் கூர்மையாக்குதலே வழி. அத்திலாந்திக்கின் அடியிற் கிடக்கும் முதற் கம்பி புகட்டிய பாடம் இதுவே.